தரை எவ்வளவு சுடுகிறது? டெம்பரேச்சர் கன்னால் சரியாக அளக்கும் முறை

சித்திரை, வைகாசியில் செய்தியில் "இன்று மதுரையில் 40 டிகிரி" என்று சொல்கிறார்களே, அது காற்றின் வெப்பம். தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், வெள்ளை அடித்த காற்றோட்டமான மரப்பெட்டிக்குள், நிழலில் இருக்கும் வெப்பமானி காட்டும் எண். அதே நேரத்தில் அதே ஊரில் வெறும் மண் 60 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை செருப்பில்லாமல் கபடி ஆடுவது அந்த 60இன் மேல்தான். ஆனால் அந்த எண்ணை யாரும் நமக்குச் சொல்வதில்லை. நாமேதான் அளக்க வேண்டும்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் கரிசல் காட்டுக்கு நடுவில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் பசுமைப் படை மாணவர்களோடு சில ஆண்டுகளாகப் பள்ளி மைதானம், பேவர் பிளாக் போட்ட முன்வாசல், வேப்பமரத்தடி, சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரை என்று எல்லாவற்றையும் அளந்து வருகிறோம். தொடாமலே சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் கன்தான் கருவி, விலை அதிகமில்லை. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பொத்தானை அமுக்கினால் எண் வந்துவிடும். அந்த எண்ணை நம்பலாமா என்பதில்தான் வேலையே இருக்கிறது. அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், எந்தக் கருவி. கொரோனா காலத்தில் வாசலில் நிறுத்தி நெற்றியில் காட்டினார்களே, அந்தக் கருவி பல பள்ளிகளில் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. அதை எடுத்துத் தரையில் காட்டாதீர்கள். அது மனித உடம்புக்கென்று செய்தது. பெரும்பாலான மாடல்கள் 32 முதல் 43 டிகிரி வரைதான் காட்டும். அதைத் தாண்டினால் 'ஹை' என்று எழுத்து வரும். அதோடு, நெற்றியின் வெப்பத்தை உள்ளுடம்பின் வெப்பமாக மாற்ற உள்ளே ஒரு கணக்குப் போடும். அந்தக் கணக்கு மண்ணுக்குப் பொருந்தாது. சில மாடல்களில் 'பொருள்' அல்லது 'சர்ஃபேஸ்' என்று தனி நிலை இருக்கும். அவசரத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் வாங்குவதாக இருந்தால் ஏசி மெக்கானிக்குகளும் மோட்டார் பழுது பார்ப்பவர்களும் வைத்திருக்கும் தொழிற்சாலை வகையை வாங்குங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே 50 டிகிரியிலிருந்து மேலே 380, 400 வரை காட்டும்.

வாங்கும்போது பெட்டியில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, 12:1 அல்லது 8:1 என்ற விகிதம். இன்னொன்று, எமிசிவிட்டியை, அதாவது ஒரு பொருள் கதிரை வெளியே விடும் திறனுக்கான எண்ணை, மாற்றிக்கொள்ளும் வசதி. இந்த இரண்டும் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

12:1 என்றால், 12 பங்கு தூரத்தில் நின்றால் கருவி ஒரு பங்கு அகல வட்டத்தைப் பார்க்கும் என்று பொருள். தரையிலிருந்து 120 சென்டிமீட்டர் உயரத்தில் கையைப் பிடித்தால் 10 சென்டிமீட்டர் வட்டம். டார்ச் வெளிச்சம் தூரம் போகப் போக விரிவது போலத்தான். வட்டத்துக்குள் இருக்கும் எல்லாவற்றின் சராசரியும் திரையில் வரும். சிவப்பு லேசர் புள்ளியைப் பார்த்து, அந்தப் புள்ளியின் சூட்டைத்தான் கருவி அளக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. லேசருக்கும் அளவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எங்கே பார்க்கிறோம் என்று காட்ட மட்டும்தான் அது. பல கருவிகளில் லேசர் கொஞ்சம் தள்ளியே விழும். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது லேசரை அணைத்துவைத்துவிடுங்கள். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது.

எங்கள் கரிசலில் இந்த வட்டக் கணக்கு மிக முக்கியம். கோடையில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பின் உள்ளே வெயில் படாது, அங்கே மேற்பரப்பைவிடக் குளிர்ச்சி. உங்கள் வட்டத்துக்குள் ஒரு வெடிப்பு வந்துவிட்டால் எண் இறங்கிவிடும். வெடிப்பும் சேர்ந்ததுதான் அந்த நிலம் என்று நினைத்தால் உயரத்தில் பிடித்து, வெடிப்போடு சேர்த்தே அளங்கள். மண்பரப்பின் சூடு மட்டும் வேண்டுமென்றால் அரை மீட்டர் உயரத்துக்கு இறக்கி, பாளத்தின் நடுவில் அளங்கள். இரண்டுமே சரிதான், எப்படி அளந்தோம் என்று எழுதிவைத்தால் போதும்.

எமிசிவிட்டி

எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கேற்ப அகச்சிவப்புக் கதிரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நம் கருவி ஏறக்குறைய 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில் வரும் கதிரைப் பிடித்து அதிலிருந்து வெப்பத்தைக் கணக்கிடுகிறது. அந்த அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆனால் ஒரே சூட்டில் உள்ள எல்லாப் பொருளும் ஒரே அளவு கதிரை விடுவதில்லை. அதிகபட்சமாக எவ்வளவு விட முடியுமோ அதில் எத்தனை பங்கு விடுகிறது என்பதுதான் எமிசிவிட்டி. 1 என்றால் முழுமை.

நமக்கு நல்ல செய்தி என்னவென்றால், தரையில் காணும் பெரும்பாலான பொருள்கள் 0.90க்கு மேலேதான். காய்ந்த மண் 0.92 முதல் 0.95, ஈர மண் அதைவிடக் கூட, புல்லும் இலையும் 0.97, 0.98 பக்கம், தண்ணீரும் அப்படியே. தாரும் சிமெண்டும் 0.92 முதல் 0.96க்குள். ஆற்று மணல் மாதிரி குவார்ட்ஸ் நிறைந்தது கொஞ்சம் குறைவு, 0.90 என்று வைத்துக்கொள்ளலாம். மாற்ற முடியாத மலிவுக் கருவிகளில் 0.95 என்று நிலையாக வைத்திருப்பார்கள். மண்ணுக்கு அது மோசமில்லை. உண்மையில் 60 டிகிரி சூடான, 0.90 எமிசிவிட்டி உள்ள மணலை 0.95 என்று வைத்த கருவியால் அளந்தால், திறந்த வானத்தின் கீழே சுமார் 3 டிகிரி குறைத்துக் காட்டும். பள்ளி வேலைக்குப் பொறுத்துக்கொள்ளலாம்; ஆனால் அந்த 3 டிகிரியை வைத்து மணல் மண்ணைவிடக் குளிர்ச்சி என்று முடிவுகட்டக் கூடாது.

கெட்ட செய்தி பளபளக்கும் உலோகம். புதிய தகரக் கூரையை மதியம் அளந்து பாருங்கள். கை வைத்தால் சுருக்கென்று சுடும், திரையிலோ 30, 35 என்று ஏதோ வரும். அது தன் கதிரைக் குறைவாகவே விட்டு, வானத்தைப் பிரதிபலிக்கிறது. வானம் எவ்வளவு குளிர்ச்சி என்று தெரிய வேண்டுமா? மேகமில்லாத பக்கமாக, சூரியனை விட்டு நன்றாக விலக்கி, கருவியை மேலே காட்டுங்கள். தரையை விடவும் காற்றை விடவும் மிகவும் குறைந்த ஒரு எண் வரும். ஒரு மேகத்தின் பக்கம் திருப்பினால் எண் ஏறும். சூரியனை நேராக மட்டும் காட்டிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் உணரி (சென்சார்) கெட்டுவிடும். இந்த ஒரு சோதனையைச் செய்து காட்டிவிட்டால், தகரம் ஏன் குளிர்ச்சியாகத் தெரிகிறது என்று மாணவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டிய தேவையே இல்லை.

தகரத்தை அளந்தே ஆக வேண்டுமென்றால் பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பைக் காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தி ஒட்டி, சில நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளங்கள். டேப்பின் எமிசிவிட்டி 0.95க்கு அருகில்தான். வட்டம் டேப்பைத் தாண்டாதபடி மிகக் கிட்டத்தில் பிடிக்க வேண்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் வெயிலில் தானே சூட்டை இழுக்கும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். கூரையின் கீழ்ப்பக்கத்தில், நிழலில் ஒட்டினால் இன்னும் நம்பலாம்.

அளக்கப் போகும் முன்

கருவி சரியாக இருக்கிறதா என்று ஐஸ் தண்ணீரில் பாருங்கள். வாய் அகன்ற பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஐஸை உடைத்துப் போட்டு, ஐஸ் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, நன்றாகக் கலக்கி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கலக்கி, உடனே மேலிருந்து நேராக அளங்கள். பூஜ்ஜியத்திலிருந்து 2 டிகிரிக்குள் வந்தால் போதும். இந்த விலைக் கருவிகளின் துல்லியமே அவ்வளவுதான். எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம், அதன் பளபளப்பு குழப்பும். கொதிக்கும் தண்ணீரில் சோதிக்கவும் வேண்டாம். ஆவி லென்ஸில் படிந்து தவறாகக் காட்டும்.

லென்ஸில் தூசி இருந்தாலும் எண் குறையும். எங்கள் ஊரில் காற்று அடித்தால் ஒரு மணி நேரத்தில் படிந்துவிடுகிறது. ஊதிவிட்டு, லேசாக ஈரமாக்கிய பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள், பெரும்பாலும் அது மெல்லிய பிளாஸ்டிக்.

அடுத்தது, பலரும் விட்டுவிடும் விஷயம். கருவிக்குள் இருக்கும் உணரி தன்னுடைய சூட்டையும் தரையிலிருந்து வரும் கதிரையும் ஒப்பிட்டுத்தான் கணக்கிடுகிறது. ஏசி அறையிலிருந்தோ குளிர்ந்த ஆய்வகத்திலிருந்தோ எடுத்துவந்து உடனே வெயிலில் பிடித்தால் கருவியின் உடல் ஒரு சூட்டிலும் உணரி வேறொரு சூட்டிலும் இருக்கும். எண் தாறுமாறாக அலையும். அரை மணி நேரம் முன்பே வெளியே கொண்டுபோய் மர நிழலில் வையுங்கள். அளக்கும்போதும் கருவி வெயிலில் காயக் கூடாது. இரண்டு அளவுகளுக்கு நடுவே ஒரு துண்டால் மூடிப் பிடித்துக்கொள்வது நல்லது.

மைதானத்தில்

சூரியனைப் பார்த்தபடி நில்லுங்கள். உங்கள் நிழல் பின்னால் விழும், முன்னால் இருக்கும் தரை வெயிலிலேயே இருக்கும். கையை முன்னால் நீட்டி, கருவியை நேராகக் கீழே பார்க்கும்படி பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் வட்டம் நீள்வட்டமாகி, நினைக்காத இடத்தையும் சேர்த்துக்கொள்ளும். ரொம்பச் சாய்த்தால் எமிசிவிட்டியும் குறையும். உங்கள் கால்பட்ட இடத்தை அளக்க வேண்டாம். மிதித்த மண்ணின் மேல்தோல் கலைந்து அடிமண் வெளியே வந்திருக்கும். பொத்தானை இரண்டு மூன்று விநாடி அமுக்கிப் பிடித்து, எண் நிலைத்ததும் படியுங்கள்.

இந்த மேல்தோல் எவ்வளவு மெல்லியது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். காய்ந்த மண்ணில் மதியம் ஓர் அளவு எடுத்துவிட்டு, ஒரு குச்சியால் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணைச் சுரண்டித் தள்ளி, அதே நொடியில் மறுபடி அளங்கள். எண் பல டிகிரி கீழே விழும். தரை சூடு என்று நாம் சொல்வது அந்த விரல் தடிமன் மேல்பரப்பைத்தான்.

ஓரிடத்தில் ஓர் அளவு எடுத்து "மைதானம் 58 டிகிரி" என்று எழுதிவிடக் கூடாது. உலகம் முழுவதும் பள்ளிகளில் 1995 முதல் நடந்துவரும் க்ளோப் திட்டத்தில் தரை வெப்பம் அளக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: குறைந்தது 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஒரே மாதிரியான தரை, அதில் பரவலாக ஒன்பது இடங்களில் அளவு, அவற்றின் சராசரி. நாங்களும் அப்படியே செய்கிறோம். சராசரியோடு அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் எழுதச் சொல்கிறேன். வெறும் மண்ணில் ஒன்பது எண்களும் பக்கம் பக்கமாக இருக்கும். புல்லும் மண்ணும் கலந்த இடத்தில் விரிந்து கிடக்கும். அந்த விரிவே தரையைப் பற்றி நிறையச் சொல்லும்.

மேகம் வந்து சூரியனை மறைத்தால் சில நிமிடங்களில் தரை பல டிகிரி இறங்கிவிடும். அதனால் வானத்தைப் பார்த்துக்கொண்டே அளங்கள். நடுவில் மேகம் வந்தால் நிறுத்தி, மறுபடி வெயில் வந்து பத்து நிமிடமாவது ஆன பிறகு முதலிலிருந்து தொடங்குங்கள். பலத்த காற்றும் சூட்டை இறக்கும். அதை நிறுத்த முடியாது, குறித்துக்கொள்ளத்தான் முடியும்.

எந்த நேரம்?

இதில்தான் என் மனதில் உள்ள முக்கியமான விஷயம் இருக்கிறது.

எல்லாரும் உச்சி வெயிலில் அளக்கத்தான் ஆசைப்படுவார்கள். முதலில் உச்சி எப்போது என்று தெரிந்துகொள்வோம். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையை வைத்தது. விருதுநகர், மதுரைப் பக்கம் 78 டிகிரியில் இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 18 நிமிடத்தில். மே மாதத்தில் 12:14ஐ ஒட்டி, பிப்ரவரியில் 12:30ஐத் தாண்டி. காய்ந்த தரை அதற்குக் கொஞ்ச நேரத்துக்குப் பின், ஒரு மணியை ஒட்டி அதிகபட்சச் சூட்டை அடையும். காற்று இரண்டு, மூன்று மணிக்குத்தான்.

அந்த ஒரு மணிக்கு மட்டும் அளந்தால் என்ன தெரியும் தெரியுமா? பல நாள்களில் வெறும் கரிசல் மண் பேவர் பிளாக்கைவிடச் சூடாக இருக்கும். கரிசல் கறுப்பு, வெயிலை நன்றாக இழுக்கிறது. காய்ந்த மண்ணுக்குள் காற்று நிறைய இருப்பதால் சூடு கீழே இறங்காமல் மேலேயே தங்கிவிடுகிறது. பேவர் பிளாக் என்கிற சாம்பல் நிறச் சிமெண்ட் கட்டையோ கொஞ்சம் வெயிலைத் திருப்பிவிட்டு, மீதியை ஆழமாக உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது. இந்த ஒரு மணி அளவை மட்டும் யாராவது கையில் எடுத்துக்கொண்டு, "பாருங்கள், மண்ணைவிடக் கட்டைதான் குளிர்ச்சி, மைதானம் முழுக்கப் போட்டுவிடலாம்" என்று சொன்னால் நம்மிடம் பதில் இருக்காது.

ஆகவே மூன்று வேளை அளங்கள். காலையில் சூரியன் எழும் முன், மதியம் ஒரு மணி, இருட்டிய பிறகு ஏழு மணி. ஏழு மணிக்கு மண் வேகமாக ஆறியிருக்கும். கட்டை பகலில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். அப்போது மண்ணைவிடக் கட்டை சில டிகிரி கூடுதலாகக் காட்டும். அதிகாலையில் தெளிந்த வானத்துக்குக் கீழே வெறும் மண் காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். வீட்டு வாசலில் கட்டை போட்டவர்களுக்கு இரவு ஏன் வெக்கை என்பது மதிய அளவில் தெரியாது, இந்த ஏழு மணி அளவில்தான் தெரியும்.

மூன்று வேளையும் மரத்தடியை அளக்க மறக்காதீர்கள். வெயிலில் மண் 60 காட்டும் மதியத்தில், அடர்ந்த வேப்பமரத்தின் கீழே அதே மண் 35 முதல் 40க்குள் இருக்கும். சற்று முன் தண்ணீர் தெளித்த மண்ணும் வெகுவாக இறங்கும், ஆனால் தண்ணீர் ஆவியாகித் தீர்ந்ததும் ஏறிவிடும். மரம் அந்த வேலையைத் தினமும் செய்கிறது. மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு மரத்தை வெட்டலாமா என்று பேச்சு வரும்போது இந்த எண்ணைக் கொண்டுபோய் வையுங்கள். நான் வைத்திருக்கிறேன்.

ஒரே எண் என்றாலும் காலுக்கு ஒரே சூடு இல்லை. மண் 55, கருங்கல் 55 என்று கருவி காட்டலாம். மண்ணில் கால் வைத்தால் தாங்கும், கல்லில் வைத்தால் துள்ளுவோம். கல் சூட்டை வேகமாகக் காலுக்குக் கடத்துகிறது; மண் தொட்ட இடத்தில் உடனே ஆறிவிடுகிறது. கோயில் பிரகாரத்தில் கோடையில் தென்னைநார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளிப்பது இதனால்தான். பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கும் இடம் கல்லோ சிமெண்டோ என்றால், 45ஐத் தாண்டியதுமே நான் எச்சரிக்கையாகிவிடுவேன். 60ஐ நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையை நிழலுக்கு மாற்றச் சொல்வேன்.

செயற்கைக்கோள் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்குச் சின்னக் குறிப்பு. லேண்ட்சாட் 8, 9 இரண்டும் நம் பக்கம் வருவது காலை பத்தரையை ஒட்டி. ஒவ்வொன்றும் ஒரே இடத்துக்கு 16 நாளுக்கு ஒருமுறை வரும், இரண்டையும் சேர்த்தால் 8 நாளுக்கு ஒருமுறை. அவற்றின் வெப்பக் கருவி ஒரு புள்ளியில் 100 மீட்டர் அகலத்தைப் பார்க்கிறது. அதனால் மைதானத்தின் மூலையை அளந்து ஒப்பிட முடியாது. சுற்றிலும் ஒரே மாதிரித் தரிசாகக் கிடக்கும் காட்டில், அதே பத்தரை மணிக்கு அளந்தால் ஒப்பிடலாம். மதிய அளவோடு ஒப்பிட்டுவிட்டு செயற்கைக்கோள் தப்பு என்று சொல்வது நியாயமில்லை.

நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, நேரம், வானத்தில் மேகம் எவ்வளவு, காற்று, கடைசியாக மழை பெய்த நாள், தரை என்ன வகை, ஈரமா காய்ந்ததா, பிடித்த உயரம், வைத்த எமிசிவிட்டி, ஒன்பது எண்கள், நிழலில் அளந்த காற்றின் வெப்பம். எந்தக் கருவி என்பதையும் எழுதுங்கள். இரண்டு கருவிகளை வைத்திருந்தால் இரண்டுக்கும் 2 டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஒரு தொடர் முழுக்க ஒரே கருவியைப் பயன்படுத்துங்கள்.

பள்ளியில் தொடங்குவதாக இருந்தால் ஏப்ரலில் தேர்வு முடிவதற்குள் ஒரு தொடர், ஜூனில் திறந்ததும் ஒரு தொடர், ஐப்பசி மழைக்குப் பின் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி அளவுக்கும் விடியற்காலை அளவுக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்க வேண்டாம். பக்கத்தில் குடியிருக்கும் மாணவர் ஒருவர் வீட்டு வாசலையே இரண்டாவது இடமாக எடுத்துக்கொண்டு, பெற்றோர் துணையோடு அங்கேயே மூன்று வேளையும் அளக்கலாம்.